மேஸ்திரி, சாரங்கு, ஏஜெண்ட்



காரைக்காலின் கடல் வரலாற்றில் கவர்னர்களும் கம்பெனிகளும் வணிகர்களும் இருக்கிறார்கள். கப்பலில் உழைத்தவர்களும், உழைப்பதற்காகக் கப்பலேற்றப்பட்டவர்களும் இல்லை. இவர்களுக்கும் கப்பலுக்கும் நடுவில் எப்போதும் ஒரு தரகர் நின்றார். அவரைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் பிரெஞ்சிந்தியாவிலிருந்து கூலிகளை மார்த்தினீக் தீவில் இறக்கியது. அடுத்த ஆண்டு குவாதலூப்பில் இறக்கியது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்தபின் ஆள்சேர்ப்பு பெருகியது. ஆட்களை ஏற்றிய துறைகளில் காரைக்காலும் ஒன்று. சுற்றிலும் தஞ்சை மாவட்டம். மிராசுதாரின் நிலத்தில் பண்ணையாட்களாகக் கிடந்தவர்களுக்கு இந்த எல்லை தப்பிக்கும் வழியாகத் தெரிந்தது. அந்த ஆசையைக் காசாக்கியவர் மேஸ்திரி. ஆள் கணக்கில் அவருக்குப் பணம். கைநாட்டு வைத்தவருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம்.

பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலைசெய்த இந்திய மாலுமிகளை லஸ்கர்கள் என்றார்கள். வெள்ளை மாலுமியின் கூலியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவாகவே அவர்களுக்குக் கிடைத்தது. அவர்களைத் திரட்டியவர் சாரங்கு. வேலைக்காக அவருக்கு லஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது. மாலுமியிடம் வேலைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1920இலேயே விதி செய்தது. விதி ஏட்டில் இருந்தது, லஞ்சம் துறைமுகத்தில் இருந்தது. 1939இல் போர் தொடங்கியதும் லஸ்கர்கள் பிரிட்டிஷ் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறை சென்றார்கள். கூலி உயர்ந்தது. அந்தப் போரில் 6,000க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள் மாண்டார்கள்.

அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1945இல், அரசு வேலைவாய்ப்பு அலுவலக அமைப்பு உருவானது. தரகர் இல்லாமல், பதிவு வரிசைப்படி வேலை என்பது அதன் அடிப்படை. விடுதலைக்குப் பின் பம்பாயிலும் கல்கத்தாவிலும் மாலுமிகளுக்கும் அப்படி அலுவலகங்கள் வந்தன. பிறகு ஆள்சேர்ப்பு தனியார் கைக்குப் போனது. கப்பல் வேலையில் 'தெரிந்தவர்' என்றால் பெரும்பாலும் சொந்தக்காரர். சொந்தக்காரர் என்றால் சாதிக்காரர். தெரிந்தவர் இல்லாத சேரிப் பிள்ளைக்கு ஏஜெண்ட்தான் வாசல்.

ஒரு தாய் என்னிடம் வந்தார். ஆடுகளை விற்று, மகளிர் குழுவில் கடன் வாங்கி, மகனின் கப்பல் வேலைக்கு ஓர் ஏஜெண்டிடம் கட்டியிருந்தார். மகன் போய்ச் சேர்ந்தது சம்பளம் தராத ஒரு பழைய கப்பல். அவரிடம் இருந்தது ஒரு ரசீதுகூட இல்லாத கதை.

அவருக்குத் தெரியாத சட்டம் இது: கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. அதன்படி வேலைக்குச் சேர்க்க மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்ற நிறுவனமே ஆள் சேர்க்கலாம். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் மாலுமி கைவிடப்பட்டவராகக் கருதப்படுவார். நான்கு மாதச் சம்பளம் வரையும் ஊர் திரும்பும் செலவும் கப்பல் முதலாளி வைத்திருக்கும் காப்புறுதியிலிருந்து கிடைக்க வேண்டும். 2017 முதல் இது நடைமுறை.

வாஞ்சூர்த் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை நம் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். கப்பலுக்குப் போகாதே என்று அவர்களிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. பண்ணையை விட்டு வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனால் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை ஒவ்வொரு சேரியின் படிப்பகச் சுவரிலும் ஒட்ட நம்மால் முடியும். பணம் கேட்பவர் மீது புகார் எழுதித்தர முடியும். இந்தச் சொற்பொழிவுக்கு வந்திருக்கும் மாணவர்கள் அந்த வேலையை இந்த வாரமே தொடங்க வேண்டும்.

ஜெய் பீம்!