பெயர்ப் பதிவும் மருந்தும்

மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழனுக்கு நோய் வந்தால் மருந்தளிப்பது யார் கடமை என்ற வினா ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. கோலலங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோமும் அதைச் சூழ்ந்த தோட்டங்களும் அவ்வினாவுக்குக் காலந்தோறும் வந்த விடைகளைக் கண்டவை.

கிள்ளான் கரையோரத் தாழ்நிலங்களில் ரப்பர் எழுந்த நாளில் மலேரியாக் காய்ச்சலே பெரும்பகையாக இருந்தது. அந்நோயைக் கொசு பரப்புகின்றது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் 1897இல் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901இல், கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கலானார். காய்ச்சலில் கிடப்பவன் பால்மரம் சீவ மாட்டான். ஆகவே தொழிலாளியின் உடல்நலம் முதலாளியின் இலாபக் கணக்கிலும் இடம்பெற்றது.

அருளைவிடச் சட்டமே உறுதியானது என்பதை அடுத்து வந்த காலம் காட்டிற்று. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவதைத் தோட்ட முதலாளிகளின் கடமையாக்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரசரும் தமிழர் வாழ்வில் நிலைபெற்றமை இவ்வாறேயாம். வருமானச் சான்று எதுவும் அங்கே கேட்கப்படவில்லை. செக்ரோலில் பெயர் இருந்தால் போதும், மருந்து கிடைத்தது. ஆனால் பெயர் நீங்கிய அன்றே லயமும் போயிற்று, மருந்தும் போயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் இவ்வமைப்புத் தளரத் தொடங்கிற்று. 1950களில் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அறிஞர் உங்கு அசிஸ் இதனை ஆராய்ந்து எழுதினார். சிறு துண்டை வாங்கியவர் ஆஸ்பத்திரி நடத்துவாரா? பின்னர் ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டது. தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போயின. லயத்தில் வாழ்ந்தோர் கிள்ளான், பந்திங், ஜெஞ்சாரோம் வட்டாரங்களில் குடியேறினர். 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்று தோட்ட முதலாளிகளின் மருத்துவக் கடமையை மீண்டும் வலியுறுத்தியபோதிலும், தோட்டத்தை விட்டு வெளியேறியவனுக்கு அதனால் பயனில்லை.

அவனுக்கு அரசாங்கக் கிளினிக் இருந்தது. அங்கே குடிமக்களுக்கான வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளியே. எனினும் பஸ் செலவு, இழக்கும் நாட்கூலி, கண்ணுக்குள் வைக்கும் வில்லை போன்ற கருவிகளின் விலை ஆகியவை அந்த ஒரு வெள்ளியில் அடங்குவன அல்ல.

இக்குறையை நீக்கவே புதிய திட்டங்கள் எழுந்தன. சிலாங்கூர் அரசு 2017இல் தொடங்கிய 'பெடுலி சிஹாட்' அட்டை, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 500 வெள்ளி அளவில் தனியார் கிளினிக் சிகிச்சை அளித்தது. நடுவணரசு 2019இல் இரு திட்டங்களைக் கொணர்ந்தது. 'மைசலாம்' கடுநோய்க்கு 8,000 வெள்ளியும், அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கும் நாளொன்றுக்கு 50 வெள்ளியும் தருவதாயிற்று. 'பெக்கா பி40' இலவச உடற்பரிசோதனையும் மருத்துவக் கருவிக்கு உதவியும் அளிப்பதாயிற்று. வருமானத்தில் கீழ்நிலையிலுள்ள நாற்பது விழுக்காட்டுக் குடும்பங்களையே பி40 என்ற பெயர் குறிக்கும்.

இவ்விரண்டிலும் சேரத் தனி விண்ணப்பம் வேண்டியதில்லை என்றனர். உண்மையே, ஆயினும் அதற்குள் ஒரு நுட்பம் உண்டு. அரசின் வாழ்க்கைச் செலவு உதவித்தொகைப் பட்டியலில் பெயர் உள்ளவரே தாமாகச் சேர்க்கப்பட்டனர். அப்பட்டியலுக்கோ மனுச் செய்தாக வேண்டும். மைசலாம் பணமும் கேட்டு விண்ணப்பித்தவர்க்கே கிட்டிற்று. படிவத்தை நிரப்பத் தெரியாத மூதாட்டியும், பிறப்புப் பத்திரமின்றி நீல அடையாளக் கார்டு பெறாத இளைஞனும் வறுமையில் மற்றவர்க்குக் குறைந்தவரல்லர். பட்டியலில் மட்டும் இல்லாதவர்.

செக்ரோல் போய்ப் பட்டியல் வந்தது. பெயரில்லாதவனுக்கு மருந்தில்லை என்னும் நிலை மட்டும் மாறவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு பெரிது. செக்ரோலில் பெயரெழுதும் அதிகாரம் துரைக்கும் கிராணிக்கும் உரியதாக இருந்தது. இன்றைய பட்டியலில் பெயர் சேர்க்கும் வழியை அக்கம்பக்கத்தில் படிவம் படிக்கத் தெரிந்த எவரும் காட்டலாம். பள்ளியும் கோயில் மண்டபமும் அதற்குப் போதிய இடங்கள். எழுத்தறிவு பெற்ற தலைமுறை, எழுத்தறியாது உழைத்த தலைமுறைக்குச் செலுத்த வேண்டிய கடன்களில் இதுவும் ஒன்றாகும்.