புளூடூத் ஹெட்செட்: ஒலியளவுக் கட்டுப்பாடு

புளூடூத் ஹெட்செட் என்பது கம்பியில்லாமல் கைப்பேசியுடன் இணைந்து, பேசவும் கேட்கவும் உதவும் காதுக் கருவி. இதற்கு அடிப்படையான புளூடூத் நுட்பத்தைச் சுவீடனின் எரிக்சன் நிறுவனம் 1994இல் உருவாக்கத் தொடங்கியது. அதை வளர்ப்பதற்கான கூட்டமைப்பு 1998இல் அமைந்தது. ஹெட்செட் விற்கும் பெட்டியின்மேல் பேட்டரி எத்தனை மணி நேரம் வரும், இரைச்சல் எவ்வளவு குறையும் என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது எப்படி என்பது பெரும்பாலும் உள்ளே மடித்து வைத்த தாளில்தான் இருக்கும். நாள் முழுக்கப் பேசும் வேலையில் இருப்பவருக்கு அதுவே முதலில் தெரிய வேண்டிய செய்தி.

கழுத்தில் தொங்கும் நெக்பேண்டிலும் தலைமேல் அணியும் ஹெட்செட்டிலும் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று எனத் தனித்தனிப் பட்டன்கள் இருப்பது வழக்கம். இவற்றுக்கு நடுவே ஒரு பட்டனோ சிறு மேடோ இருந்தால் விரல் தானாக இடம் கண்டுபிடிக்கும். பல மாடல்களில் இதே பட்டன்கள்தான் பாட்டையும் மாற்றும்: லேசாக அழுத்தினால் சத்தம், அழுத்திப் பிடித்தால் அடுத்த பாட்டு. சிலவற்றில் இது தலைகீழ். அழைப்பின் நடுவே சத்தம் கூட்ட ஒவ்வொரு முறையும் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எரிச்சலான ஏற்பாடு.

தனித்தனியாகக் காதில் செருகும் இயர்பட்ஸில் இடம் குறைவு. ஆப்பிள் 2016இல் வெளியிட்ட முதல் ஏர்பாட்ஸில் ஒலியளவுக்கென்று தனிக் கட்டுப்பாடே இல்லை; போனைத் தொட வேண்டும், அல்லது ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரியிடம் சொல்ல வேண்டும். 2022இல் வந்த இரண்டாம் தலைமுறை ஏர்பாட்ஸ் புரோவில்தான் தண்டின்மேல் விரலை மேலும் கீழும் தடவும் வசதி வந்தது. ஈர விரலுக்கும் கையுறைக்கும் தொடு பரப்பு சரியாகப் பணியாது.

பட்டனை அழுத்தினால் மாறுவது போனின் ஒலியளவா, ஹெட்செட்டின் ஒலியளவா? குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. அழைப்புக்கான புளூடூத் நெறிமுறையில் ஒலியளவு 0 முதல் 15 வரை. பாட்டுக்கான நெறிமுறை வேறு; அதன் 1.4 பதிப்பு முதல் போனும் ஹெட்செட்டும் 0 முதல் 127 வரையிலான ஒரே அளவைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. ஆண்ட்ராய்டு 6 முதல் இந்த வசதி உண்டு. இதை ஏற்காத ஹெட்செட்டில் இரண்டு ஒலியளவுகள் ஒன்றன்மேல் ஒன்று வேலை செய்யும்: ஹெட்செட்டில் முழுச் சத்தம் வைத்தாலும் போனில் குறைந்திருந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இரண்டையும் கூட்டிப் பார்ப்பதே தீர்வு. அழைப்புக்கும் பாட்டுக்கும் போன் தனித்தனி அளவை நினைவில் வைத்திருப்பதால், பாட்டில் சரிசெய்தது அழைப்பில் உதவாது.

ஒலியளவுப் படிகள் நெருக்கமாக இருந்தால் தேவைக்கு மேல் கூட்டாமல் நிறுத்தலாம்; அது காதுக்கும் நல்லது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் ஆனால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

அழைப்புகளுக்காகவே வாங்குவோருக்கு, தொடு பரப்பைவிடத் தனித்தனிப் பட்டன்கள் உள்ள நெக்பேண்டோ ஒற்றைக் காது ஹெட்செட்டோ ஏற்றது. பணம் கட்டுமுன் உங்கள் போனையே இணைத்து ஓர் அழைப்பு போடுங்கள். பேசிக்கொண்டே, கருவியைப் பார்க்காமல், சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.