ரயில் எஞ்சினுக்கு அபராதம்

மொரப்பூர் ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடவென்று போனதைப் பார்த்தபோதுதான் இது ஞாபகம் வந்தது. 1906-இல் இங்கிருந்து தருமபுரிக்கும், பிறகு ஓசூர் வரைக்கும் ஒரு குறுகிய பாதை ரயில் ஓடியது, 1941-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போதும் இந்தப் பக்கத்துப் பையன்கள் ஓசூர் கம்பெனிகளுக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். அங்கே ரோபோ கை சாதாரணம். தானாக இயங்குகிற எந்திரம் ஆளைக் கொன்றால் ஜெயிலுக்குப் போவது யார்?

ஒருகாலத்தில் எந்திரத்தையே தண்டித்தார்கள். இங்கிலாந்தில் 'டியோடாண்ட்' என்று ஒரு பழைய வழக்கம். சாவுக்குக் காரணமான பொருள், மாடோ வண்டிச் சக்கரமோ, அரசுக்குப் போய்விடும். இல்லையென்றால் ஜூரி சொல்லும் விலையை உடையவர் கட்ட வேண்டும். 1841 டிசம்பர் 24 அன்று சோனிங் அருகே மண்சரிவில் ரயில் மோதி 9 பேர் இறந்தார்கள். எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் ஜூரி போட்ட விலை 1000 பவுண்டு! ரயில் கம்பெனிகள் பொறுக்குமா? 1846-இல் அந்த வழக்கத்தையே ஒழித்தார்கள். அதே ஆண்டு இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது, இந்தியாவுக்கு 1855-இல்.

நம் 1860 தண்டனைச் சட்டத்தில் குற்றவாளி மனிதன், அல்லது கம்பெனி. பிரிவு 287, தன் பொறுப்பில் உள்ள எந்திரத்தால் வரக்கூடிய ஆபத்தைத் தடுக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை என்றது. 289 கிட்டத்தட்ட அதையே மிருகத்துக்குச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 289 எந்திரத்துக்கு. மிருகம் 291-க்கு நகர்ந்துவிட்டது.

2015-இல் ஹரியானா மானேசரில் ரோபோ கை ஒரு இளம் தொழிலாளியைக் கொன்றது. அங்கே எந்திரத்துக்குச் சொந்த புத்தி கிடையாது, சொன்ன வேலையைச் செய்தது. ஆகவே பழைய பிரிவுகளே போதும். 2018-இல் அமெரிக்காவின் டெம்பியில் தானியங்கிக் கார் சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது வேறு மாதிரி. எதிரே இருப்பது என்னவென்று மென்பொருள் மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டிருந்தது. கம்பெனி மேல் குற்ற வழக்கு இல்லை. கண்காணிக்க உள்ளே உட்கார்ந்திருந்த ஊழியருக்கு 2023-இல் 3 ஆண்டு நன்னடத்தைக் காவல். அவர் வண்டி ஓட்டவில்லை. ஆனால் சாலையைப் பார்க்காமல் இருந்தது அவர் தப்புத்தான். மொத்தச் சங்கிலியில் தப்பு அவருடையது மட்டும்தானா என்பதுதான் என் சந்தேகம்.

287-இல் 'வரக்கூடிய ஆபத்து' என்ற சொல்லைத் திரும்பப் பாருங்கள். தானே கற்றுக்கொள்ளும் எந்திரம் நாளைக்கு என்ன செய்யும் என்று வடிவமைத்தவருக்கே தெரியாதபோது, எது வரக்கூடியது? கம்பெனி வக்கீல் முதலில் பிடிப்பது இந்தச் சொல்லைத்தான். அப்புறம் அன்றைய ஷிப்டில் ஸ்விட்ச் பக்கத்தில் நின்ற பையனின் பெயரைக் கேட்பார்கள்.