அமீரகத்தில் முதல் மூன்று மாதங்கள்: போகிறவரும் வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேத்தியாத்தோப்பு, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை என்று நம் பகுதியில் எந்தத் தெருவை எடுத்தாலும் துபை, ஷார்ஜா, அபூதபியில் ஒருவர் இருப்பார். அதனால் வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எல்லாம் தெரியும் என்றே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஊருக்குத் திரும்பி வருகிறவர் பெட்டியைத் திறந்து சாமானைக் காட்டுவாரே தவிர, முதல் மூன்று மாதம் எப்படிப் போனது என்று விவரமாகச் சொல்வதில்லை. அங்கே போய் சிக்கலில் மாட்டிக்கொண்ட பலருக்கு, சிக்கல் அந்த மூன்று மாதத்தில்தான் தொடங்கியிருக்கும். அதிலும் பாதி, விமானம் ஏறுவதற்கு முன்பே ஊரில் தொடங்கியிருக்கும். ஆகவே இது போகிறவருக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. அத்தா, அம்மா, மனைவி எல்லோரும் படிக்க வேண்டியது.

முதலில் விசா. "விசிட்டில் போ, அங்கே போய் வேலை தேடிக்கொள்ளலாம்" என்பது நம் ஊர்களில் சாதாரணமாகச் சொல்லப்படும் ஆலோசனை. அந்த விசாவில் வேலை தேடலாம், வேலை பார்க்கக் கூடாது. வேலை அனுமதி இல்லாமல் ஒரு நாள் வேலை செய்தாலும் சட்ட மீறல்தான். சம்பளம் தரவில்லை என்று புகார் கொடுக்கப் போனாலும், வேலை பார்த்ததே குற்றம் என்ற இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். பட்டப்படிப்பும் அனுபவமும் இருந்து, இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணமும் இருப்பவர் தேடிப் பார்க்கலாம். கடன் வாங்கிப் போகிறவருக்கு அந்த வழி வேண்டாம்.

பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும். அமீரகம், சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். இதை இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தின் வழியே பெற வேண்டும். 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி உரிமம் பெற்ற ஏஜெண்டா என்பதையும் அதே தளத்தில் பார்த்துவிடலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுப்பதற்கு முன் இந்தத் தொகையை நினைவில் வைக்கவும். அமீரகத் தொழிலாளர் சட்டமும், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது.

இ.சி.ஆர். வழியாகப் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரு பிரியாணி விருந்துக்கு ஆகும் செலவுகூட இல்லை. ஆனால் விசிட் விசாவில் போகிறவர் இந்த வழியைத் தாண்டிப் போய்விடுகிறார், காப்பீடு எடுப்பதே இல்லை. எடுத்தவர்களின் வீட்டிலோ அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. பாலிசியின் நகலும் எண்ணும் வீட்டில் இருக்க வேண்டும். நாமினி யார் என்பதும் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஆஃபர் லெட்டர். இதில் நம் மக்களுக்கு ஒரு வசதி உண்டு, பலருக்கு அது தெரியாது. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை வாய்ப்புக் கடிதம் அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்ற விதி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. "ஆங்கிலத்தில்தான் தருவார்கள், கையெழுத்துப் போடு" என்று யாராவது அவசரப்படுத்தினால் தமிழ்ப் படிவம் கேட்கலாம். கையெழுத்துப் போட்ட கடிதத்தில் இருப்பதைவிடக் குறைவான சலுகையோடு பிறகு ஒப்பந்தம் போட முடியாது.

அந்தக் கடிதத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது: ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் 1,500 திர்ஹம் என்று சொல்லிவிட்டு அடிப்படையை 600 என்று போட்டிருந்தால், பத்து வருடம் கழித்து வரும்போது அதன் வலி தெரியும்.

போய் இறங்கியதும் வரிசையாகச் சில வேலைகள் நடக்கும். வேலைக்கான நுழைவு அனுமதி 60 நாளுக்குச் செல்லும். அதற்குள் மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை, பிறகு குடியிருப்பு அனுமதி. பரிசோதனையில் இரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். எச்.ஐ.வி., காசநோய் இருந்தால் சிக்கல். காசநோயின் பழைய தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. அதனால் சந்தேகம் இருப்பவர் கடன் வாங்கும் முன்பே சிதம்பரத்திலோ கடலூரிலோ ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. முன்பு பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட விசா ஸ்டிக்கர் 2022 முதல் இல்லை. எமிரேட்ஸ் ஐடிதான் எல்லாம். அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. விசா வேலைக்காக மந்தூப் வாங்கிப் போவார், வேலை முடிந்ததும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விசா, மருத்துவம், ஐடி ஆகியவற்றின் செலவு நிறுவனத்தினுடையது. மருத்துவக் காப்பீடும் அப்படியே: 2025 ஜனவரி முதல் எல்லா எமிரேட்டுகளிலும் அது கட்டாயம். தொழிலாளி தன் பணத்தில் கட்ட வேண்டியது வேலையிழப்புக் காப்பீடு ஒன்றுதான். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவருக்கு மாதம் 5 திர்ஹம். எடுக்காமல் விட்டால் 400 திர்ஹம் அபராதம்.

மந்தூப் என்றதும் ஒரு சிறு விளக்கம். நிறுவனத்தின் அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்தான் மந்தூப். முதீர் என்றால் மேலாளர், தவாம் என்றால் வேலை நேரம், ஃபுலூஸ் என்றால் பணம், கல்லாஸ் என்றால் முடிந்தது. சவூதியில் இகாமா, நம் பழைய ஆட்கள் வாயில் பத்தாக்கா, எல்லாம் அடையாள அட்டைதான். இந்த அரபு வார்த்தைகள் ஒரு வாரத்தில் வந்துவிடும். உண்மையான தடை இந்தி. கட்டுமானத் தளத்திலும் கிடங்கிலும் ஃபோர்மேன் பேசுவது பெரும்பாலும் இந்தியோ உருதுவோதான். தமிழ் மட்டும் தெரிந்த பையன் முதல் மாதம் ஊமை போல நிற்பான், அதனாலேயே சோம்பேறி என்று பெயர் வாங்குவான். விசாவுக்குக் காத்திருக்கும் நாட்களில் எண்கள், கருவிகளின் பெயர்கள், "மறுபடி சொல்லுங்கள்", "உடம்பு சரியில்லை" என்ற அளவுக்காவது இந்தி கற்றுக்கொள்ளலாம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர்கள் "எங்களுக்கு வெயில் புதிதா" என்பார்கள். அங்கே வெயிலோடு கடற்கரைப் புழுக்கமும் சேரும், வியர்வை காயாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. அந்த நேரத்தில் நிழலில் உட்கார்வது முதலாளி காட்டும் கருணையல்ல, சட்டம். வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ரமளானில் நாளுக்கு இரண்டு மணி குறையும்.

இனி வீட்டுக்கும் போனவருக்கும் மனக்கசப்பை உண்டாக்கும் விஷயம்: முதல் சம்பளம். சம்பளம் வேலையில் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு, ஊரில் ஏறிய நாளிலிருந்து அல்ல. மருத்துவம், ஐடி என்று வாரங்கள் போகும். மாதம் முடிந்த பிறகே சம்பளம், அதுவும் சில நாள் தள்ளி வரும். அதில் அவருடைய சாப்பாடு, போன், சில இடங்களில் படுக்கை வாடகை போக மிஞ்சுவதைத்தான் அனுப்ப முடியும். பெரும்பாலானோருக்கு வீட்டுக்கு முதல் பணம் மூன்றாவது மாதத்தில்தான் வந்து சேரும். அதுவரைக்கான வீட்டுச் செலவையும் கடன் தவணையையும் புறப்படும் முன்பே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். "போய் நாற்பது நாள் ஆச்சு, இன்னும் ஒரு ரூபாய் வரல" என்று இங்கிருந்து போகும் போன், அங்கே கூடப் படுத்திருப்பவரிடம் கடன் வாங்க வைக்கிறது. இல்லையென்றால் அனுமதியில்லாத இடத்தில் பகுதி நேர வேலைக்கு அனுப்புகிறது. இரண்டாவது மாட்டினால் விசாவே போய்விடும்.

சம்பளம் வங்கி வழியே, டபிள்யூ.பி.எஸ். என்ற அரசு முறையில் வர வேண்டும். 2009இல் தொடங்கிய முறை இது. குறைந்த சம்பளக்காரர்களுக்குச் சம்பளக் கார்டு தருவார்கள். அந்தக் கார்டும் ரகசிய எண்ணும் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும், கேம்ப் பொறுப்பாளரிடம் அல்ல. கையில் ரொக்கமாகத் தந்துவிட்டுக் கையெழுத்து வாங்கும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். பின்னால் சம்பளப் பாக்கி என்று போனால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

பணம் அனுப்ப எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. உண்டியலில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்வார்கள். அது இந்தியச் சட்டப்படி குற்றம், வாங்குகிற வீட்டுக்கும் பொறுப்பு வரும். பணம் வராமல் போனால் கேட்க இடமும் இல்லை. வேலைக்கு வெளிநாடு போனவர் ஊரில் இருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு திறந்துகொள்ளலாம். இதை ஏறும் முன்பே வங்கியில் பேசிவிட்டுப் போவது சுலபம்.

பெட்டி கட்டும்போது அம்மாக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: கசகசா. நம் வீட்டுக் குருமாவில் சாதாரணமாகப் போடும் பொருள், அங்கே தடை செய்யப்பட்ட போதைப் பொருட்களின் பட்டியலில் வருகிறது. அரைத்த மசாலாவில் கலந்திருந்தாலும் ஆபத்துதான். சவூதியிலும் சிங்கப்பூரிலும் இதே நிலை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் அப்படியே. மருத்துவர் எழுதித் தந்ததாக இருந்தாலும் அமீரக அரசின் முன் அனுமதி வேண்டும். அடுத்த தெருக்காரர் "என் மச்சானுக்கு இதைக் கொடுத்துடுங்க" என்று ஒட்டித் தரும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

போனைப் பற்றி. வாட்ஸ்அப்பில் செய்தி போகும், குரல் அழைப்பு பொதுவாக வேலை செய்யாது. போட்டிம் போன்ற அனுமதிக்கப்பட்ட செயலிகளை வீட்டிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே 7.30, பலருக்கு அப்போதுதான் வேலை முடிந்து பஸ்ஸில் வருகிற நேரம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைத் திட்டி எழுதுவதும், ஒருவரைக் கேட்காமல் படம் எடுத்துப் போடுவதும் அங்கே வழக்காகலாம். ஊர்க் குழுக்களில் சண்டை போடும் பழக்கம் உள்ளவர்கள் விமான நிலையத்திலேயே அதை விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, நம் ஜமாஅத்துகளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. ஊர்ப் பள்ளிவாசல் கட்டிடத்துக்கோ, ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கோ, நோயாளியின் சிகிச்சைக்கோ அமீரகத்தில் தனி நபர் வசூல் செய்யக் கூடாது. 2021இல் வந்த நன்கொடைச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்புகள் மட்டுமே வசூலிக்க முடியும். எண்ணம் நல்லதாக இருந்தாலும் தண்டனை உண்டு. புதிதாகப் போன பிள்ளைக்கு ஊரிலிருந்து ரசீது புத்தகம் அனுப்பி அவனைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

தொழுகைக்குக் குறை இருக்காது. ஆனால் சிறு வித்தியாசங்கள் வரும். அஸர் பாங்கு நம் ஹனஃபி பள்ளிகளின் நேரத்தைவிட முன்பாகவே சொல்லிவிடுவார்கள். பெருநாள் பல ஆண்டுகளில் நமக்கு ஒரு நாள் முன்னதாக வரும். அரசு வார விடுமுறை 2022 முதல் சனியும் ஞாயிறும் ஆகிவிட்டது, வெள்ளி அரை நாள். தனியார் நிறுவனத்தில் வெள்ளிக்கிழமை வேலை நாளாக இருக்கலாம் என்பதால் ஜும்ஆவுக்கு எந்த நேரம் விடுவார்கள் என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளலாம். ரமளானில் தேராவில் ஈமான் அமைப்பு நடத்தும் இஃப்தாரில் நோன்புக் கஞ்சி கிடைக்கும். ஊர் நினைவில் மனம் சோர்ந்திருக்கும் புதியவருக்கு அந்தக் கஞ்சிக்காகவே ஒரு நாள் மெட்ரோ பிடித்துப் போகலாம். மெட்ரோவுக்குள் தின்னவோ குடிக்கவோ கூடாது, சாலையைக் கண்ட இடத்தில் கடந்தால் 400 திர்ஹம் என்பதையும் நினைவில் வைக்கவும். நம் ஊர் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லாது, வகுப்புக்குப் போய்த் தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும்.

வேலை பிடிக்கவில்லை என்றால் சொல்லாமல் போய்விடுவதுதான் பெரிய ஆபத்து. ஓடிவிட்டார் என்று நிறுவனம் பதிவு செய்தால் ஓராண்டு வரை புதிய வேலை அனுமதி கிடைக்காது. சோதனைக் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் அமீரகத்திலேயே வேறு நிறுவனத்துக்கு மாற ஒரு மாத முன்னறிவிப்பும், ஊருக்குத் திரும்ப 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் கொடுத்தால் போதும். சம்பளம் வராவிட்டால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் தரலாம். 50,000 திர்ஹம் வரையான கோரிக்கைகளை அமைச்சகமே தீர்த்துவைக்கும் அதிகாரம் 2024 முதல் உண்டு. இந்தியத் தூதரகத்தின் உதவி மையத்தை அமீரகத்துக்குள்ளிருந்து 800 46342 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். ஊரில் இருப்பவர்கள் இந்திய வெளியுறவுத் துறையின் மதத் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையும் இருக்கிறது.

எங்கே புகார் கொடுத்தாலும் முதலில் கேட்பது பாஸ்போர்ட் எண், விசா நகல், நிறுவனத்தின் முழுப் பெயர், அவர் தங்கியிருக்கும் இடம் ஆகியவற்றைத்தான். "துபையில ஒரு கம்பெனி" என்று மட்டும் தெரிந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர் ஏறும் நாளுக்கு முன் பாஸ்போர்ட், விசா, ஆஃபர் லெட்டர், காப்பீடு ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். ஐடி வந்ததும் அதன் இரு பக்கப் படத்தையும், அறையில் கூட இருக்கும் ஒருவருடைய எண்ணையும் வாங்கி அதனோடு சேர்த்துவிடுங்கள்.