கல்லைத் தேடிப் போன கேமரா

1839 ஜூலையில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பிரான்சுவா அராகோ என்ற விஞ்ஞானி எழுந்து பேசினார். தாகேர் கண்டுபிடித்த படப்பிடிப்பு முறையை அரசே வாங்கி உலகத்துக்குப் பொதுவாக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அதன் பயனை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் எகிப்து. தீப்ஸ், மெம்பிஸ், கர்னக் ஆகிய இடங்களில் சுவர் சுவராக நிறைந்திருக்கும் சித்திர எழுத்துகளைக் கையால் படியெடுக்க ஓவியர்களின் படையே பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். இந்தக் கருவி இருந்தால் ஒரே ஆள் முடித்துவிடலாம் என்றார்.

தொல்சின்னங்களைத் தேடிப்போய்ப் படமெடுக்கும் வழக்கத்தின் விதை அந்தப் பேச்சில் இருக்கிறது. கல்லில் உள்ளதை உள்ளபடி, எவருடைய கைத்திறனும் குறுக்கிடாமல் எடுத்துவர வேண்டும் என்ற ஆசைதான் கேமராவை முதன்முதலில் பயணம் புறப்பட வைத்தது.

ஆகஸ்ட் 19 அன்று செய்முறை வெளியானது. இரண்டே மாதத்தில் ழோலி த லோத்பினியேர் என்ற பயணி ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் கேமராவோடு நின்றார். நவம்பரில் ஓவியர் ஹோராஸ் வெர்னேயும் குபில் ஃபெஸ்கேயும் அலெக்சாண்டிரியாவில் படமெடுத்தார்கள். ஆனால் தாகேர் முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழும் படம் ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்து பிரதி போட வழியில்லை. பாரிஸில் பதிப்பாளர் லெரெபூர் இந்தப் படங்களைத் தொகுத்து 1840களின் தொடக்கத்தில் வெளியிட்டபோது, பெரும்பாலானவற்றைச் செதுக்கு ஓவியமாக மாற்றித்தான் அச்சிட முடிந்தது. செதுக்கியவர்கள் வெறுமையாகக் கிடந்த முற்றங்களில் மனிதர்களையும் விலங்குகளையும் சேர்த்தார்கள். எந்தக் கை குறுக்கிடக் கூடாது என்று நினைத்தார்களோ, அந்தக் கை மறுபடியும் உள்ளே வந்துவிட்டது.

அதை நீக்கியது காகித நெகட்டிவ். இங்கிலாந்தில் டால்பட் கண்ட முறை அது. ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதியும் போடலாம். அதைக் கற்றுக்கொண்டு 1849இல் எகிப்துக்குக் கிளம்பினார் எழுத்தாளர் மாக்சிம் து காம். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் ஒப்படைத்த பணி. கூடப் போனவர் நண்பர் ஃப்ளோபேர், பின்னாளில் பெரும் நாவலாசிரியர். அபு சிம்பெல் கோயிலின் பேருருவச் சிலைகள் அப்போது மணலில் புதைந்து கிடந்தன. ஒரு சிலையின் முகம் தெரிய, ஆட்களை வைத்து மோவாய் வரை மணலை அள்ளினார்கள். சிலையின் அளவு புரியட்டும் என்று ஹாஜி இஸ்மாயில் என்ற நூபியப் படகோட்டியைப் பல படங்களில் ஏறி நிற்க வைத்தார் து காம். 125 படங்கள் கொண்ட அவருடைய தொகுப்பு 1852இல் வந்தது. அதில் இருந்தவை செதுக்கு ஓவியங்கள் அல்ல, நெகட்டிவிலிருந்தே போட்ட பிரதிகள்.

இதற்கிடையில் 1851இல் பிரான்சின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் பால்டஸ், பயார், லெ கிரே, லெ செக், மெஸ்த்ரால் ஆகிய ஐந்து பேரை நாடெங்கும் அனுப்பியது. பழுதுபார்க்க வேண்டிய கட்டடங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று படமெடுத்து வருவதுதான் வேலை. கார்கசோன் கோட்டை நகரத்தைக் கட்டடக் கலைஞர் வியோலே லெ துக் புதுப்பிக்கத் தொடங்கும் முன் அது இருந்த கோலம் அப்படித்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அதே எண்ணம் தமிழ் மண்ணுக்கும் வந்தது. இந்தியாவின் பழங்கட்டடங்களை வரைவதற்குப் பதில் படமெடுக்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி 1855இல் முடிவெடுத்தது. பம்பாய் மாகாணத்தில் அந்தப் பொறுப்பு தாமஸ் பிக்ஸுக்கு. சென்னை மாகாணத்தில் லின்னேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரிக்கு. 1857 டிசம்பரில் புறப்பட்ட ட்ரைப் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவர் பயன்படுத்திய மெழுகேற்றிய காகித நெகட்டிவை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம் என்பதால் நம் வெயிலுக்கு அது தாங்கியது. அதே ஆண்டுகளில் எகிப்தில் கண்ணாடித் தகட்டோடு போராடிய பிரான்சிஸ் ஃப்ரித்தின் கூடாரத்திலோ, தகட்டில் ஊற்றிய கொலோடியன் என்ற ரசாயனக் கரைசல் சூட்டில் கொதித்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ட்ரைப் செய்த ஒரு காரியத்தைத் தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். வானளாவிய விமானத்தை எடுத்ததோடு அவர் திரும்பிவிடவில்லை. அதன் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளின் முன் கேமராவை நிறுத்தினார். ஒரு படம் எடுப்பது, கேமராவைச் சற்று நகர்த்துவது, மறுபடி எடுப்பது என்று சுவர் நெடுக நடந்தார். அப்படி எடுத்ததில் 21 பிரதிகளை ஒட்டியபோது சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படம் கிடைத்தது. தானும் தமக்கை குந்தவையும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜன். அந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் பதிப்பித்து அச்சில் கொண்டுவரத் தொடங்கியது 1890களில்தான். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கேமரா அவற்றை வரிசை மாறாமல் காகிதத்தில் ஏற்றிவிட்டது. அராகோ எகிப்துக்காகச் சொன்னதை ஒரே ஆள் தஞ்சையில் செய்து காட்டினார். ஆனாலும் செலவு கூடுதல் என்று சென்னை அரசு 1860க்குள் அந்தப் பணியை நிறுத்திவிட்டது.

இப்படி எடுத்த பழைய படங்களின் மதிப்பை ஒரு நூற்றாண்டு கழித்து நைல் நதி காட்டியது. அஸ்வான் அணை எழுந்தபோது அபு சிம்பெல் மூழ்க இருந்தது. யுனெஸ்கோ 1960இல் உலகத்தை உதவிக்கு அழைத்தது. 1964 முதல் 1968 வரை கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாளங்களாக அறுத்து, பழைய இடத்தைவிட 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் அடுக்கினார்கள். து காம் கேமரா வைத்த கரை இன்று நாசர் ஏரிக்கு அடியில். கோயில் தன் சொந்த மண்ணில் நின்ற காட்சியைப் படங்களில்தான் பார்க்க முடியும். அந்த மீட்புப் பணி தந்த நம்பிக்கையில்தான் 1972இல் உலகப் பாரம்பரிய உடன்படிக்கை பிறந்தது. 1979இல் அபு சிம்பெலும் 1987இல் தஞ்சைப் பெரிய கோயிலும் அந்தப் பட்டியலில் ஏறின.

இன்று இந்த இடங்களுக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. எல்லோரும் முகப்பையே எடுக்கிறோம். சுவரின் கீழ்ப்பகுதி, விரிசல், எழுத்து தேய்ந்த மூலை ஆகியவற்றை எடுப்பவர் குறைவு. நம் ஊரிலேயே திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் பல கோயில்களின் கல்வெட்டுகள் மங்கிவிட்டன. அடுத்த முறை கோபுரத்தை எடுத்து முடித்ததும் அடித்தளத்துக்குக் குனியுங்கள். நேராக நின்று எடுங்கள். அளவுக்கு ஒரு ஆளை நிறுத்துங்கள். எந்தப் பக்கத்துச் சுவர், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். நாளை அந்தச் சுவரைப் பழுதுபார்க்க வரும் ஸ்தபதிக்கும் அதைப் படிக்க வரும் ஆய்வாளருக்கும் தேவைப்படப்போவது அந்தப் படம்தான்.