குமாஸ்தாவின் தோள்வலி

பம்பாயின் தொழிற்சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பருத்தி ஆலைகளைப் பற்றியும் துறைமுகத்துச் சுமைகூலிகளைப் பற்றியும் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் கோட்டைப் பகுதியின் கம்பெனி ஆபீஸுகளில் பகல் முழுவதும் தட்டெழுத்து யந்திரத்தின் முன் குனிந்திருந்து, மாலையில் பிடித்துக்கொண்ட கழுத்தோடும் எரியும் கண்களோடும் ரயிலேறி மாட்டுங்காவுக்குத் திரும்பிய தமிழ்க் குமாஸ்தாக்களின் சரீர அவஸ்தையைப் பற்றி எழுதப்பட்டது சொற்பமே.

1896-ஆம் ஆண்டின் பிளேக் நோய் நகரின் நெரிசலான தெருக்களைச் சூறையாடிய பிறகு, 1898-ல் ஏற்படுத்தப்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட் வடக்கே தாதர், மாட்டுங்கா பக்கத்து நிலங்களில் அகன்ற சாலைகளும் காற்றோட்டமான மனைகளும் வகுத்தது. அம்மனைகளில் எழுந்த வீடுகளுக்குத்தான் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும், டைப்பிலும் ஷார்ட்ஹாண்டிலும் ‘ஹையர்’ பாஸ் செய்த சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் செய்த வேலையின் தன்மையை அறிந்தாலன்றி அவர்களுடைய வலி விளங்காது. ஒரு கடிதத்துக்குப் பல நகல்கள் வேண்டுமானால், கார்பன் தாள்களை இடையிட்டு அடுக்கிய காகிதங்களில் கடைசித் தாள்வரை எழுத்துப் பதியும்படி ஒவ்வொரு விசையையும் ஓங்கி அடிக்கவேண்டும். ஒரெழுத்துப் பிசகினாலும் அத்தனை நகல்களிலும் அழித்துத் திருத்தவேண்டும். விரல்கள் ஓடும்போது கைகளைத் தாங்கி நிற்கும் தோள்தசைகளோ அசைவின்றி மணிக்கணக்கில் விறைத்திருக்கும். அசையும் தசையைவிட அசையாது விறைத்திருக்கும் தசையே, தனக்கு வேண்டிய இரத்தம் குறைந்து, விரைவில் நோகத் தொடங்குகிறது. இதனோடு நெஞ்செரிச்சல், அஜீர்ணம், மாலைத் தலைவலி, மறுநாள் கெடுவை எண்ணி நித்திரை கெடுதல் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

எழுத்து வேலையால் வரும் இத்துன்பத்தை முதன்முதலில் ஆராய்ந்து எழுதியவர்களுள் இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி முக்கியமானவர். தொழிலாளரின் நோய்களைப் பற்றி அவர் 1700-ல் வெளியிட்ட நூலுக்கு 1713-ல் எழுதிய அனுபந்தத்தில், எழுத்தர்களின் துன்பத்துக்கு மூன்று காரணங்களைக் கண்டார்: ஓயாத இருக்கை, ஒரே திசையில் கையின் ஓயாத அசைவு, கணக்கில் பிழை நேர்ந்து எஜமானனுக்கு நஷ்டம் வந்துவிடுமோ என்ற மனக்கவலை. மூன்றாவதைச் சரீர நோயின் காரணமாகவே அவர் எண்ணிச் சேர்த்தது எனக்கு மிகப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. ஹான்ஸ் ஸெல்யே 1936-ல் நெருக்கடிக்கு உடல் காட்டும் பொதுவான மறுவினைகளைப் பற்றி எழுதுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்திய காலம் அது.

மாட்டுங்காக்காரர்கள் ராமஸ்ஸினியை அறியார். எனினும் அவர்கள் அமைத்துக்கொண்ட மாலைப்பொழுது ஒரு சிகிச்சையாகவே இருந்தது. வேளை தவறிய சாப்பாட்டால் வரும் வயிற்றுக்கோளாறுக்கு, 1890-ல் மகாது ஹவாஜி பச்சே தொடங்கிவைத்த டப்பாவாலாக்களின் ஏற்பாடு வீட்டுச் சோற்றை ஆபீஸ் வாசலில் சேர்த்தது; குடும்பத்தை ஊரில் விட்டு வந்த பிரம்மசாரிகளுக்கு, ஸ்டேஷனை அடுத்து 1942-ல் ராமா நாயக் ஆரம்பித்த உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் போன்ற இடங்கள் சாத்வீகமான உணவை அளித்தன. (வெறும் வயிற்றில் மீண்டும் மீண்டும் குடித்த காபி நெஞ்செரிச்சலை வளர்த்திருக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.) சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தில் நல்லெண்ணெயைக் கழுத்திலும் தோளிலும் அழுத்தித் தேய்த்துக் கொண்டது வலியை நேரடியாகவே தணித்தது. பஜனை சமாஜத்தில் கூட்டமாக உட்கார்ந்து நாமாவளி பாடும்போது மூச்சு நீண்டு வெளியேறுகிறது, நெஞ்சின் படபடப்பு அடங்குகிறது. நாள் முழுவதும் பிறர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளையே எழுதிக்கொண்டிருந்தவனுக்குத் தன் குரல் தனக்குக் கேட்கும் நேரமும் அதுவே. 1952-ல் ஸ்ரீ ஷண்முகானந்த சபை ஸ்தாபிதமாகி, 1963-ல் அதன் பெரிய அரங்கம் எழுந்ததற்குப் பின்னால் சங்கீத ருசி மட்டுமன்றி, இந்தத் தேவையும் இருந்தது என்றே நான் கருதுகிறேன். பிற்பாடு செம்பூரில் குடியேறியவர்களும் கோயிலையும் சபாவையும் உடன்கொண்டே போனார்கள்.

சட்டம் மெதுவாகவே வந்தது. ஆலைத் தொழிலாளருக்கான முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-லேயே பிறந்திருக்க, கடை, ஆபீஸ் ஊழியரின் வேலைநேரத்துக்கு வரம்பு கட்டிய பம்பாய்ச் சட்டம் 1939-லேதான் இயற்றப்பட்டது. 1948-ன் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று நிர்ணயித்தது. இங்கிலாந்தில் தந்தி அடிப்பவர்களின் கைத்தசைப்பிடிப்பு 1908-லேயே நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்கப்பட்டிருந்தும், நம் நாட்டின் 1923-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தில் குமாஸ்தாவின் விரல்வலிக்கு இடம் கிடைக்கவில்லை. தோலையும் கொம்பையும் கையாளுவோரைப் பீடிக்கும் அடைப்பான் நோய் அதில் இடம்பெற்றது.

தோல் என்றதும் தாராவியை நினையாமல் இருக்க முடியாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து அங்கே தோல் பதனிட்டவர்கள் சுண்ணாம்புத் தொட்டிகளில் கைகால்கள் வெடிக்க உழைத்தார்கள். 1913-ல் அங்கு எழுந்த பிள்ளையார் கோயில் அவர்களுக்கும் ஒரு கூடுமிடமாயிற்று. ஆயினும் குமாஸ்தாவுக்கும் அவனுடைய ஆபீஸுக்கும் நடுவே ஒரு ரயில் பயணம் இருந்தது, வீட்டுக்கு வந்தபின் யந்திரத்தின் ஓசை அவனைத் தொடரவில்லை. மாட்டுங்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய தாராவியிலோ, பதனிடும் தொட்டியும் படுக்கும் பாயும் பலருக்கு ஒரே சந்தில் இருந்தன.