தொழில்வழிச் சிகிச்சை: மருத்துவமனையிலிருந்து ஊருக்குள்

உடலிலோ மனத்திலோ புலன்களிலோ குறைபாடு நேர்ந்த ஒருவர் அன்றாட வேலைகளைத் தாமே செய்யவும், வீட்டிலும் ஊரிலும் தமக்குரிய இடத்தில் இருக்கவும் துணைசெய்யும் மருத்துவத் துறை தொழில்வழிச் சிகிச்சை. மருத்துவமனைகளில் ஆக்குபேஷனல் தெரபி என்றும், சுருக்கமாக ஓ.டி. என்றும் வழங்குகிறது. பிழைப்புக்கான வேலையோடு இதன் எல்லை முடிவதில்லை. சட்டைப் பொத்தான் போடுவது, சோறு பிசைந்து உண்பது, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்குவது, பேருந்து ஏறுவது, கோயில் திருவிழாவுக்கும் வாக்குச்சாவடிக்கும் போய்வருவது எல்லாம் இதற்குள் அடங்கும். இந்தத் துறை மருத்துவமனைக்குள் பிறந்தது. ஊருக்குள் வந்து சேர ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பயணத்தில் அது திசை மாறிய இடங்களைப் பார்த்தால், மாற்றியவர் பெரும்பாலும் தாமே நோயிலோ ஊனத்திலோ கிடந்து எழுந்த ஒருவராக இருப்பார். மருத்துவ வரலாற்று நூல்கள் இதற்குப் போதிய இடம் தருவதில்லை.

தோற்றம்

மனநோயாளிகளைச் சங்கிலியில் பூட்டிவைப்பதே வழக்கமாக இருந்த 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரிஸில் மருத்துவர் பிலிப் பினெலும் இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796-இல் காப்பகம் திறந்த வில்லியம் டியூக்கும் வேறு வழி தேடினர். தோட்ட வேலை, தையல், பண்ணை வேலை ஆகியவற்றில் நோயாளிகளை ஈடுபடுத்தி, அவர்களை மதிப்போடு நடத்தினால் மனம் தெளியும் என்று நம்பினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த எண்ணம் அமெரிக்காவில் புத்துயிர் பெற்றது. செவிலியர் சூசன் டிரேசி, படுக்கையிலிருப்போர் செய்யக்கூடிய கைவேலைகளைப் பற்றி 1910-இல் ஒரு நூல் வெளியிட்டார். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூகப் பணி இல்லத்தின் சூழலிலிருந்து எலினர் கிளார்க் ஸ்லேகிள் வந்தார்.

துறைக்குப் பெயர் வைத்தவர் மருத்துவர் அல்லர், ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர். காசநோயால் நலிந்தவர். இடது காலில் அறுவை நடந்தபின் உடலின் இடப்பக்கமும் செயலிழந்தது. நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் ஒரு வீட்டை 1914-இல் எடுத்து, தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து தம் உடலையே சோதனைக்களமாக்கினார். 1917 மார்ச்சில் அதே வீட்டில் ஆறு பேர் கூடி, தொழில்வழிச் சிகிச்சையை வளர்க்க ஒரு தேசியச் சங்கம் நிறுவினர். பார்ட்டன், ஸ்லேகிள், உளமருத்துவர் வில்லியம் ரஷ் டன்டன், கைவினை ஆசிரியை சூசன் காக்ஸ் ஜான்சன், கனடாவில் போர்வீரர் மறுவாழ்வுப் பணியில் இருந்த தாமஸ் கிட்னர், செயலர் இசபெல் நியூட்டன் ஆகியோரே அந்த அறுவர். அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. காயம்பட்ட வீரர்கள் திரும்பிவரத் தொடங்கியதும், ஒரு சிறு குழுவின் கனவாக இருந்த துறை ராணுவத்தின் அவசரத் தேவையாயிற்று.

பிரிட்டனில் மருத்துவர் எலிசபெத் காசன் 1930-இல் பிரிஸ்டலில் டார்செட் ஹவுஸ் என்ற முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பு 1952-இல் லிவர்பூலில் உருவானபோது அதன் நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

தறியும் தசையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் துறை மருத்துவ அறிவியலோடு நெருங்கியது. அந்த நெருக்கத்துக்கு விலையும் கொடுத்தது. நெய்வதற்காக இருந்த தறி, தோள்மூட்டை இத்தனை பாகை உயர்த்துவதற்கான கருவியாயிற்று. மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்று அளந்தார்கள். அளவு கூடிய பின் அந்த மனிதர் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார் என்பதை அளக்கக் கருவி இல்லை, கேட்பாரும் குறைவு. சிகிச்சையாளர் மேரி ரைலி 1961-இல் நிகழ்த்திய ஸ்லேகிள் நினைவுச் சொற்பொழிவில் இந்தப் போக்கைக் கேள்விக்கு உட்படுத்தி, மனிதர் தம் கைகளாலும் மனத்தாலும் செய்யும் செயலே துறையின் மையம் என்று மீண்டும் நிறுத்தினார்.

மனநல விடுதிகளில் நிலைமை இன்னும் மோசம். சிகிச்சை என்ற பெயரில் நோயாளிகள் சலவை செய்தார்கள், தரை துடைத்தார்கள், சமையலறையில் உழைத்தார்கள். கூலி மட்டும் இல்லை. நோயாளி நலம் பெற்று வெளியேறினால் விடுதி ஒரு வேலையாளை இழக்கும் என்ற நிலையில், அது எப்படிச் சிகிச்சையாகும்? இத்தாலியின் திரியெஸ்தே நகர மனநல மருத்துவமனையில் உளமருத்துவர் பிராங்கோ பசாலியா 1970-களின் தொடக்கத்தில் இதை உடைத்தார். அங்கே துப்புரவு வேலை செய்த நோயாளிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஒப்பந்தக் கூலி பெற்றனர். அமெரிக்காவில் 1973-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், மனநல விடுதிகளில் உழைக்கும் நோயாளிகளுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. சிகிச்சைக்கும் சுரண்டலுக்கும் இடையே இருக்கும் இந்த மெல்லிய கோட்டைத் துறையின் வரலாறு எழுதுவோர் மறைக்கக் கூடாது.

பம்பாயும் வேலூரும்

இந்தியாவில் இத்துறையைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். எலிசபெத் லண்டி என்ற பெயரில் அமெரிக்கக் குவேக்கர் குடும்பத்தில் பிறந்து, இந்தியரை மணந்து, பம்பாய்க்கு வந்தவர். 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அனைத்திந்தியத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கமும் அவர் முயற்சியால் உருவானது.

ஏறத்தாழ அதே காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், சிகிச்சை எங்கே முடிகிறது என்ற கேள்வி வேறு வடிவில் எழுந்தது. அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையைச் செய்துவந்தார். அறுவை வெற்றி. ஆனால் குணமாகிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். கை நேரானதால் பிச்சை குறைந்துவிட்டது. தொழுநோயாளி என்பதால் வேலையும் யாரும் தருவதில்லை, தங்க இடமும் இல்லை. நல்ல கையைப் பெற்றதால் பட்டினி வந்த இந்த நிலைமை பிராண்டை உலுக்கியது. கல்லூரி வளாகத்தில் மண்சுவர்க் குடில்களோடு ஒரு சிறு குடியிருப்பு 1950-களின் தொடக்கத்தில் எழுந்தது. புதுவாழ்வு மையம் என்று பொருள்படும் பெயர் அதற்கு. அங்கே தங்கியவர்கள் தச்சு கற்று மரப்பொம்மைகள் செய்தார்கள்.

அந்தத் தச்சுப் பட்டறை மருத்துவத்துக்கே ஒரு பாடம் சொன்னது. தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று மருத்துவர்களும் நம்பிய காலம் அது. பட்டறையில் கூடவே இருந்து கவனித்தபோது உண்மை தெரிந்தது. உணர்வில்லாத கை சுத்தியலை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கிறது. கொப்புளம் வந்தாலும் வலி தெரியாததால் வேலை தொடர்கிறது. புண் ஆழமாகி எலும்பைத் தொடுகிறது. இரவில் தூங்கும்போது எலி கடித்துக்கூட விரல் போயிருக்கிறது. எனவே கருவிகளின் பிடியைத் தடிமனாக்கினார்கள், கையையும் காலையும் தினமும் கண்ணால் சோதிக்கும் பழக்கத்தை ஊட்டினார்கள், வீடு திரும்புவோர் ஒரு பூனையைக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார்கள். ஒரு மனிதர் எங்கே தூங்குகிறார், எதைக் கையில் பிடிக்கிறார், இரவில் அவர் அருகே எது ஊர்கிறது என்பதுவரை போய்ப் பார்த்ததால்தான் அவர் விரல்கள் தப்பின. தொழில்வழிச் சிகிச்சையின் சாரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி உலக வரலாற்றில் எங்கேனும் உண்டா என்று தெரியவில்லை.

அதே கல்லூரியில் பணிபுரிந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மறுவாழ்வுப் பயிற்சியும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவப் படிப்பும் முடித்துத் திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். பாகாயத்தில் 1966-இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தில் தண்டுவடக் காயமுற்றோர் குடும்பத்தினரோடு தங்கிப் பயிற்சி பெற்றார்கள். தங்கள் மருத்துவரும் சக்கர நாற்காலியில் வருவதைப் பார்ப்பது அவர்களுக்கு எந்தப் பயிற்சியும் தர முடியாத தெம்பைத் தந்திருக்கும்.

வாசலுக்கு வெளியே

மருத்துவமனைக்கு வெளியே இருந்து வந்த அறைகூவல்தான் துறையை முழுவதுமாக மாற்றியது. போலியோவால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எட் ராபர்ட்ஸும் அவர் நண்பர்களும் 1972-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சுயசார்பு வாழ்வு மையம் தொடங்கினர். உடையை நானே இரண்டு மணி நேரம் போராடி உடுத்துவதைவிட, உதவியாளரின் துணையோடு கால் மணி நேரத்தில் உடுத்திக்கொண்டு வேலைக்குப் போவதே எனக்குச் சுதந்திரம் என்ற வாதம் இந்த இயக்கத்தில் எழுந்தது. தானே உடுத்தப் பழக்குவதை வெற்றி என்று கருதிய சிகிச்சையாளர்களுக்கு இது கசப்பான பாடம். பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளின் அமைப்பு ஒன்று 1976-இல் இன்னும் கூர்மையாகப் பேசியது: உடலின் குறை வேறு, சமூகம் வைக்கும் தடை வேறு, மனிதரை முடக்குவது இரண்டாவதுதான்.

இதே காலத்தில் ஏழை நாடுகளின் கிராமங்களுக்கு மருத்துவமனை மறுவாழ்வு எட்டவே எட்டாது என்பதும் உறைத்தது. அனைவருக்கும் தொடக்கநிலைச் சுகாதாரம் கோரிய 1978-இன் அல்மா ஆட்டா அறிவிப்பை அடுத்து, உலகச் சுகாதார நிறுவனம் சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்ற முறையை வகுத்தது. குடும்பத்தாரும் ஊர்ப் பணியாளரும் பயன்படுத்தத்தக்க பயிற்சிக் கையேட்டை நிறுவனம் 1989-இல் வெளியிட்டது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான பத்மனி மெண்டிஸ், இலங்கையின் இயன்முறை மருத்துவர். 2001-இல் அதே நிறுவனம் ஏற்ற புதிய வகைப்பாடு, உடலுறுப்பின் நிலையோடு செயல், பங்கேற்பு, சூழல் ஆகியவற்றையும் சேர்த்தே ஒருவரின் உடல்நலத்தை விவரித்தது. 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, சமூகத்தில் பிறரோடு வாழ்வதை உரிமை என்றது. இந்தியா 2007-இல் அதை ஏற்றது. 2016-இன் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை உள்ளடக்கியது.

நடைமுறை

தண்டுவடக் காயத்தோடு ஒருவர் ஊர் திரும்புகிறார் என்று கொள்வோம். சிகிச்சையாளர் முதலில் அவர் எங்கெல்லாம் போக விரும்புகிறார் என்று கேட்கிறார். பிறகு அந்த வீட்டுக்கே போகிறார். நிலைப்படி எத்தனை அங்குலம், கழிப்பறை கொல்லையில் எவ்வளவு தூரம், தண்ணீர்க் குழாய் எட்டுமா என்று பார்க்கிறார். சாய்தளத்துக்குப் பொதுவான விதி, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். வீட்டு வாசல் தெருவிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தால் 24 அடி வேண்டும். குறுகலான தெருவில் அதற்கு இடமிராது. அப்போது சாய்தளத்தைச் சுவரோரமாகத் திருப்பலாமா, பக்கத்து வீட்டார் வாசலைப் பகிர்வார்களா, ஊராட்சி தெருவையே உயர்த்தித் தருமா என்ற பேச்சு தொடங்குகிறது. தரையில் அமர்ந்தே வாழும் வீட்டில் சக்கர நாற்காலியைவிடத் தரையோடு உருளும் தாழ்ந்த பலகைவண்டி உதவலாம். எந்த வேலையையும் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் ஆள் தடுமாறுகிறார் என்று கண்டறிந்து, ஆளை மாற்றுவதா கருவியை மாற்றுவதா இடத்தை மாற்றுவதா என்று முடிவெடுப்பதே இதன் தனித்திறம். தேநீர்க் கடைக்காரர் வாசல் பெஞ்சை ஓரம் நகர்த்தச் சம்மதிப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

தமிழ்நாட்டில் இந்தப் பார்வையை ஒரு வட்டாரம் முழுவதற்கும் கொண்டுசென்றது தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம். கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-இல் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது அது. வளர்ச்சி பிந்தும் குழந்தைகளை இளவயதிலேயே கண்டறிந்து, கிராமத்துப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பயிற்சி தரும் முறையை அது வளர்த்திருக்கிறது. நிபுணர்கள் தொலைவிலிருந்து வழிகாட்டுகிறார்கள். மனநலத் துறையில், 2001 ஆகஸ்டில் ஏர்வாடியின் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட கொடுமை நாட்டை உலுக்கியது. இப்படி அடைத்துவைப்பதற்கு மாற்றாக, சென்னையின் பான்யன் அமைப்பு, காப்பகங்களில் நெடுங்காலம் இருந்த பெண்களைச் சிறு குழுக்களாக ஊருக்குள் வாடகை வீடுகளில் குடியமர்த்துகிறது. சமைப்பது, சந்தைக்குப் போவது, அண்டை வீட்டாரோடு பேசுவது எல்லாம் அங்கே வாழ்க்கையின் பகுதியாகவே திரும்பக் கற்கப்படுகின்றன.

சூழலை மாற்றுவதில் முன்னேற்றமும் பின்னடைவும் கலந்தே வருகின்றன. மாற்றுத்திறனாளி உரிமைக் குழுக்கள் பல ஆண்டுகள் கேட்டதன் பயனாய், சென்னை மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. வாழ்நாளில் முதல்முறை அலையருகே போனவர்கள் அன்று பலர். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, பின்னர் சீரமைத்தார்கள். நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளுக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. பிற ஊர்கள் பலவற்றில் பேருந்தின் படி இன்னும் சக்கர நாற்காலிக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. தொழில்வழிச் சிகிச்சையாளர்களைச் சட்டப்படி பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் வழியை 2021-இன் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் திறந்திருக்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நகரங்களிலேயே பணிபுரிகிறார்கள்.